காற்புள்ளிக்கு முன்னால்

குபாத் அந்தத் தாளோடு வந்து நின்றபோது மீரிம் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஜனவரி மாதத்துப் பிற்பகல். மலையடிவார ஊரான கராகோல் முழுவதும் வீட்டு அடுப்புகளின் கரிப்புகை இறங்கி, எதிர்வீட்டு வேலிகூடச் சரியாகத் தெரியவில்லை. அவன் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தான். உள்ளே நுழைவதற்கு முன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"யாராவது கூட வந்திருக்காங்களா?" என்றாள் மீரிம்.

"இல்ல எஜே. நான் மட்டும்தான்."

அக்காவுக்கும் டீச்சருக்கும் அந்த ஊரில் ஒரே சொல்தான், எஜே. மீரிம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். பனி விழுந்து மலைப்பாதைகள் மூடிக்கொண்டதும், சாயங்காலங்களில் மலை வழிகாட்டிகளுக்கும் வகுப்பு எடுப்பாள். கோடையில் வெளிநாட்டுக்காரர்களைக் கணவாய் தாண்டிக் கூட்டிப்போகும் முரட்டு ஆட்கள், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆங்கில வினைச்சொற்களோடு மல்லுக்கட்டுவார்கள். குபாத்தும் அப்படி உட்கார்ந்தவன். அவன் பக்கத்து இடம் திலேக்குடையது. இந்தக் குளிர்காலத்தில் இரண்டு பேருமே வகுப்புக்கு வரவில்லை. திலேக் வரவே முடியாது.

போன செப்டம்பரில், பருவம் முடிந்து, மேலே விட்டுவைத்திருந்த கூடாரங்களையும் அடுப்புகளையும் இறக்கிவர இவர்கள் இருவர் மட்டும் போனார்கள். குபாத் தனியாகத் திரும்பினான். பனியாற்றின் மேல் நடக்கும்போது இருவர் இடுப்பையும் பிணைத்திருந்த கயிற்றைத் திலேக் கழற்றிவிட்டான், பனி உடைந்து பிளவுக்குள் போய்விட்டான் என்று சொன்னான். தேடப் போனவர்களால் அந்தப் பிளவின் அடியைப் பார்க்க முடியவில்லை. அதற்குள் பெரும்பனி தொடங்கிவிட்டது. உடல் இல்லாத சாவுக்குத் துக்கக் கூடாரம் போடலாமா கூடாதா என்று பெரியவர்கள் ஒரு நாள் முழுக்க வாதாடிவிட்டுக் கடைசியில் போட்டார்கள். வந்தவர்களில் வழிகாட்டிகள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பனியாற்றின் மேல் கயிற்றைக் கழற்றுவதா? நேற்றுப் பையன்கூடச் செய்யமாட்டானே, திலேக்கா செய்தான்?

"ஒரு பக்கம்தான் எஜே. தப்பு இருந்தா திருத்திக் குடுங்க" என்று குபாத் தாளை மேஜையில் வைத்தான்.

அவனுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கும் வெளிநாட்டு வழிகாட்டிகள் சங்கம் கேட்டிருந்தது. எங்கே விபத்து நடந்தாலும் தப்பி வந்தவன் நடந்ததைத் தன் சொந்த வார்த்தையில் ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும். மற்ற ஊர் வழிகாட்டிகள் படித்து எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று.

மீரிம் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். காற்று எந்தத் திசை, புதுப்பனி எவ்வளவு, யார் முன்னால், யார் பின்னால் என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். திலேக் முன்னால் தடியால் குத்திப் பார்த்துக்கொண்டே போனான். குபாத் பின்னால். பக்கத்தின் நடுவில் வந்ததும் அவள் பேனா நின்றது. அந்த ஆங்கில வாக்கியம் இப்படி இருந்தது: கயிற்றின் கொக்கியைக் கழற்றி, பனி உடைந்தது.

"டேய், இது என்ன? பனியா கொக்கியைக் கழட்டுச்சு?" என்றாள் சிரித்துக்கொண்டே.

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. இந்தப் பாடத்துக்கு அவள் வருஷா வருஷம் போடும் உதாரணம் ஒன்று உண்டு. சந்தைக்கு நடந்து போகையில், மழை பிடித்துக்கொண்டது. கிர்கிஸ் மொழியில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நடந்தது யார் என்று கேட்கிறவனுக்கே தெரியும். ஆங்கிலத்தில் அப்படி விடமுடியாது. காற்புள்ளிக்கு முன்னால் நிற்கிற அந்தச் செயல், காற்புள்ளியைத் தாண்டி எந்தப் பெயர் முதலில் வருகிறதோ அதன் தலையில் போய் விழும். அப்படிப் பார்த்தால் சந்தைக்கு நடந்தது மழை. இரண்டு வருஷத்துக்கு முன்பு திலேக் எழுந்துபோய்க் கரும்பலகையில் மழையை வரைந்தான். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, கையில் கூடை, கூடையில் வெங்காயம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. குபாத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது குபாத் சிரிக்கவில்லை.

"பேர் போட்டே ஆகணுமா எஜே?"

"போடாம எப்படி? கழட்டினது யாருன்னு வேணும்ல?"

"யாரும் கழட்டலைன்னே இருக்கட்டுமே."

"நம்ம பேச்சுல இருக்கலாம். இங்கிலீஷ் விடாது. திலேக் தானே?"

குபாத் அடுப்பைப் பார்த்தபடி, "எழுதிக்கங்க" என்றான்.

"கழட்டிக்கிட்டிருக்கும்போதே பனி உடஞ்சுதா, இல்ல கழட்டி முடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சா? அதுக்கு ஏத்த மாதிரிதான் காலம் மாறும். முன்னாடியே முடிஞ்சுபோன வேலைன்னா கூட ஹேட்னு ஒரு சொல் போடணும்."

அவள் ஊற்றிவைத்திருந்த தேநீர்க் கிண்ணத்தை அவன் கையில் எடுத்திருந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தவன், உட்கார்ந்த இடத்திலேயே வெடுக்கென்று முன்னால் சாய்ந்தான். இடுப்பில் கயிறு கட்டி யாரோ இழுத்த மாதிரி இருந்தது. தேநீர் மேஜையெங்கும் சிந்தியது. நாற்காலியின் பின்கால்கள் தரையிலிருந்து எழும்பிப் பின்பு டொக்கென்று விழுந்தன.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. முன்னாடியே. முன்னாடியே முடிஞ்சுபோச்சு. ஹேட் போடுங்க."

மீரிம் எழுதினாள். திலேக் கொக்கியைக் கழற்றியிருந்தான். அதன் பிறகு பனி உடைந்தது. அதற்கு அடுத்த வரியில் ஒரு சின்னப் பிழை. கயிறு ஓடுகிறது என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தான். மற்றதெல்லாம் இறந்தகாலத்தில் இருக்கும்போது இது மட்டும் எதற்கு என்று, கயிறு ஓடியது எனத் திருத்தினாள். கடைசிவரை படித்துப் பார்த்தாள். ஒரு குறை சொல்லமுடியாத பக்கம். குபாத் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு புகைக்குள் இறங்கிப் போனான்.

மூன்று நான்கு நாள் கழிந்திருக்கும். ரொட்டி வாங்கிக்கொண்டு மீரிம் பள்ளிக்கூடத்துப் பின்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். மிதிபட்டு மிதிபட்டு இறுகிய பனி, பார்த்துக் காலை வைக்கவேண்டிய இடம். அங்கே யாரோ பின்னாலிருந்து அவள் இடுப்பை மெதுவாக ஒரு தடவை இழுத்தார்கள். விழத் தட்டுகிற இழுப்பில்லை. கதவு பூட்டியிருக்கிறதா என்று போகிறபோக்கில் ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. கோட்டு எதிலோ மாட்டிக்கொண்டது என்று திரும்பினாள். சரிவு காலியாக இருந்தது. மாட்டிக்கொள்ள அங்கே செடியில்லை, வேலியில்லை. இறுகிய பனியின் மேல் லேசாகப் படிந்திருந்த புதுப்பனியில் அவள் இறங்கிவந்த காலடிகள் மட்டும் மேலே வரைக்கும் தெரிந்தன.

வீட்டில் கணவன் எசெனிடம் சொன்னாள். அவன் ஊருக்குள் வேன் ஓட்டுகிறவன். நாள் முழுக்கப் பயணிகளோடு வாயாடி வாயாடி எதையும் பாதிதான் காதில் வாங்குவான்.

"இடுப்புப் பிடிப்பு. கம்பளியைச் சுத்திக்கோ" என்றான்.

"பிடிப்பு உள்ளேயிருந்து இழுக்கும். இது வெளியிலேருந்து."

"அப்போ நான்தான் வந்து இழுத்திருப்பேன். நீ ரொட்டியோட சீக்கிரம் வீட்டுக்கு வருவேன்னு பசியில பாத்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் இழுத்தது. முதல் தடவையைவிட அழுத்தமாக. சுண்ணக்கட்டி உடைந்து விழுந்தது. பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். முன்பெஞ்சில் இருந்த ஒருத்தி மட்டும் சிரிக்காமல், மீரிமின் முதுகுக்குப் பின்னால் எதையோ தேடுகிற மாதிரி எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு மீரிம் எழுதிக்கொண்டிருந்தது அதே பழைய உதாரணம். காற்புள்ளிவரைக்கும் எழுதியிருந்தாள். மீதியை எழுதக் கை வரவில்லை. அழித்துவிட்டு வேறு பாடத்துக்குப் போனாள்.

திலேக்கின் மனைவி புருல் அதே பள்ளிக்கூடத்தில் கிர்கிஸ் மொழி ஆசிரியை. ஆசிரியர் அறையில் மீரிமுக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. செப்டம்பருக்குப் பிறகு அந்த அறையில் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். புருல் மட்டும் எப்போதும்போலப் பேசினாள், எப்போதும்போலப் பிள்ளைகளை வைதாள், எப்போதும்போல எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். அன்றைக்கு மதியம் அறையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"குபாத் உங்க வீட்டுக்கு வந்தானாமே?" என்றாள் புருல், திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆமாம்மா. அந்தச் சங்கத்துக்கு எழுதினதைத் திருத்தக் கொண்டுவந்தான்."

"அவரைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

மறைக்க என்ன இருக்கிறது என்று மீரிம் சொன்னாள். திலேக் கொக்கியைக் கழற்றியிருந்தான், பிறகு பனி உடைந்தது.

புருல் பேனாவை மூடினாள். "எங்கிட்டயும் அதேதான் சொன்னான். மலையிலேருந்து வந்தவன் நேரா எங்க வீட்டு வாசல்லதான் வந்து விழுந்தான். பனி உடஞ்சுது எஜேன்னான். அவனைக் காணோம்னான். நான் கத்தினேன்னான். எல்லாம் கண்ணால பாத்தவன் சொல்ற மாதிரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் வேற மாதிரி. கழட்டினான்னு சொல்லலை எஜே. கழட்டியிருக்கான்னான்."

அவர்கள் மொழியில் கண்ணால் கண்டதற்கு ஒரு வினைமுடிவு, காணாமல் ஊகித்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் வேறொன்று. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் அந்த வித்தியாசம் நாக்கில் வந்துவிடும். ஆங்கிலத்தில் அது கிடையாது. அங்கே கழற்றியது கழற்றியதுதான், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்.

"ஒரே கயித்துல ரெண்டு பேர்" என்றாள் புருல். "முன்னாடி போறவன் முதுகையே பாத்துக்கிட்டு நடக்கணும். அதானே அவங்க தொழில்? அந்த முதுகு கொக்கியைக் கழட்டினதை இவன் எப்படிப் பாக்காம விட்டான்?"

"நீ அப்பவே கேட்டிருக்கலாமே?"

"பயம். கேட்டா சொல்லிடுவானே."

புருல் மறுபடி பேனாவைத் திறந்தாள். "எல்லாரும் கனவுல வருவார், வருவார்ங்கறாங்க. என் மாமியாருக்குக்கூட ரெண்டு தடவை வந்தாராம். எனக்கு ஒரு தடவைகூட வரலை. எங்கேயோ வேலையா இருக்கார்போல. முடிக்காம வர மாட்டார், அவர் சுபாவம் அப்படி."

மணி அடித்தது. புருல் நோட்டுகளை அள்ளிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மீரிம் எழுந்திருக்கவில்லை. அவள் மனதில் அந்தப் பக்கம் வரிவரியாக ஓடிற்று. திலேக் கழற்றியிருந்தான். பனி உடைந்தது. கயிறு ஓடியது.

கயிறு ஏன் ஓடவேண்டும்?

திலேக் தன் கொக்கியைக் கழற்றியிருந்தால், விழுந்தது அவன் மட்டுமாகத்தான் இருக்கும். கயிறு பனியின் மேல் கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கும். அது ஓடியது என்றால் அவன் இடுப்பில் மாட்டியபடியே இருந்திருக்கிறது. பின்னால் வந்த குபாத்தின் நுனிதான் சும்மா கிடந்திருக்கிறது. அந்த வரியை அவள் கண்ணால் படித்தாள், கையால் தொட்டாள். தொட்டு என்ன செய்தாள்? நிகழ்காலத்தை இறந்தகாலமாக மாற்றினாள். யாரும் கேட்காமலே இல்லாத இடத்தில் திலேக்கின் பெயரையும் எழுதினாள்.

அடுத்த வகுப்பை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மலைப்பயண நிறுவனத்தின் முற்றத்தில், கூடாரங்களை அடுக்கிவைக்கும் கொட்டகையை ஒட்டிய அறையில்தான் குபாத் இருந்தான். குளிர்காலத்தில் பழைய கூடாரங்களுக்குத் தையல் போடுவது அவன் வேலை. கதவைத் திறந்தவன் முகத்தைப் பார்த்ததும், இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று மீரிமுக்கும் தெரிந்தது.

"அந்தத் தாளை அனுப்பிட்டியா?"

"இல்ல. தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போவேன். திரும்பி வந்துடுவேன்."

"கயிறு எப்படிடா ஓடுச்சு?"

அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பிறகு, தைத்துக்கொண்டிருந்த கூடாரத் துணியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பேசினான்.

"கையுறை பறந்துபோச்சு எஜே. மூக்கு சிந்தலாம்னு வலது கை உறையைக் கழட்டினேன். காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பத்தடி தள்ளிப் போய் ஒரு பனிமேட்டுல நின்னுச்சு. கயிறு எட்டலை. திலேக்கை நிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டா திட்டுவான். ஏற்கெனவே அன்னிக்குக் காலையில லேட்டா எழுந்திரிச்சதுக்குத் திட்டு வாங்கியிருந்தேன். ஒரு நிமிஷ வேலைதானேன்னு கொக்கியைக் கழட்டிக் கீழ போட்டுட்டுப் போனேன். அவன் திரும்பிப் பாக்கவே இல்ல. கயிறு பின்னாடி இருக்குங்கற தைரியத்துல பிளவுக்கு மேல காலை வெச்சான். நான் பின்னாடி இருக்கேன்னு."

"கத்தினானா?"

"இல்ல. சத்தமே இல்ல. கையுறையை எடுத்துக்கிட்டு நிமிந்தேன், அவன் இல்ல. கயிறு மட்டும் போகுது. பனிமேல சர்ருன்னு. அவ்வளவு வேகமா ஒரு கயிறு தானா போயி நான் பாத்ததில்ல. ஓடினேன். விழுந்து புடிச்சேன், பூட்ஸால மிதிச்சேன். காலுக்கடியிலேயே வழுக்கிக்கிட்டுப் போச்சு. நுனியில என் கொக்கி. அது பிளவோட விளிம்புல டிங்குன்னு ஒரு தட்டு தட்டிட்டு உள்ள போச்சு."

அவன் கை இடுப்புக்குப் போயிற்று.

"இப்பத்தான் இழுக்குது எஜே. அப்ப இழுத்திருக்க வேண்டியது. ஏறும்போது, இறங்கும்போது, சும்மா உக்காந்திருக்கும்போதுகூட."

மீரிம் மெதுவாகச் சொன்னாள். "என்னையும் இழுத்துச்சு."

குபாத் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பயந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். அப்படியில்லை. இத்தனை மாதம் தனியாக இருந்த இடத்தில் இன்னொரு ஆளைக் கண்டவன் முகம் அது.

"மெதுவாவா? ஒரே ஒரு தடவை, கட்டு சரியா இருக்கான்னு பாக்கற மாதிரி?"

"ஆமா."

"அவனேதான். கிளம்பறதுக்கு முன்னாடி என் கொக்கியை அப்படித்தான் இழுத்துப் பாப்பான். அப்புறம் தன்னோடதை. எப்பவும் என்னோடதைத்தான் முதல்ல."

அறையில் இரும்படுப்பு கனன்றுகொண்டிருந்தது. ஆனாலும் மீரிம் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்தத் தாளைக் கொண்டுவா என்றாள். மடித்து மடித்து ஓரம் நைந்துபோயிருந்தது. தன் கையெழுத்தில் இருந்த திருத்தங்களை எல்லாம் அவளே அடித்தாள். பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"நான் எழுத மாட்டேன். நீ எழுது."

அவன் பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். நான் என் கொக்கியைக் கழற்றியிருந்தேன். ஹேட் எங்கே வரவேண்டும் என்று அவன் கேட்கவில்லை, சரியான இடத்தில் விழுந்தது. திலேக்குக்கு அது தெரியாது. பனி உடைந்தது. அடுத்து அந்தக் கயிற்று வரி. மறுபடியும் நிகழ்காலத்தில்தான் எழுதினான். இந்தத் தடவை மீரிம் பேனாவுக்குக் கை நீட்டவில்லை.

"இது தப்புன்னு தெரியும் எஜே. ஆனா வேற மாதிரி எழுதினா பொய் மாதிரி இருக்கு."

"அப்படியே இருக்கட்டும்."

"சான்றிதழைப் பிடுங்கிடுவாங்க, இல்ல?"

"பிடுங்குவாங்க. அதுக்கு முன்னாடி நீ போகவேண்டிய வீடு ஒண்ணு இருக்கு."

அன்றைக்கே போனார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் புருல் அப்போதுதான் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். மீரிம் கூட வந்ததைப் பார்த்ததும் அவள் விரிப்பை உதறிப் போட்டாள், ரொட்டியைப் பிட்டு வைத்தாள், கிண்ணங்களை எடுத்தாள். குபாத் விரிப்பில் உட்காராமல் கதவை ஒட்டி மண்டியிட்டுச் சொன்னான். கிர்கிஸ் மொழியில் சொன்னான். ஒவ்வொரு வினைச்சொல்லும் கண்ணால் கண்டவனின் முடிவோடு வந்தது. கழட்டினேன். போட்டேன். போனேன். கயிறு ஓடுச்சு.

புருல் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். கிண்ணம் நிறைந்து வழிகிறவரைக்கும் ஊற்றினாள். வழிவதைப் பார்த்துக்கொண்டே கெண்டியைக் கீழே வைத்தாள்.

"கையுறை கெடச்சுதா?"

குபாத்துக்கு விளங்கவில்லை. "என்ன எஜே?"

"அதுக்குத்தானே போனே. கெடச்சுதான்னு கேக்கறேன்."

"கெடச்சுது."

"சரி" என்றாள். மீரிம் எழுந்து போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் ரொட்டித் துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ நாயை விரட்டிக்கொண்டு போனார்கள். குபாத்தின் தோள்கள் ஆடுவதைப் பார்த்தபோது, இழுப்பா அழுகையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

"உன்னை மன்னிச்சேன்னு சொல்லச் சொல்லாதே. எனக்கு வரலை" என்றாள் புருல் கடைசியில். "அவர் முட்டாள்தனமா சாகலை. அது போதும் இன்னிக்கு. வெயில் காலம் வரட்டும். என்னை அங்கே கூட்டிக்கிட்டுப் போ."

விஷயம் ஊருக்குள் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. திலேக்கின் தம்பி குபாத்தின் கதவை உடைக்கப் போனான். புருல்தான் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், கயிற்றைக் கழற்றியது தன் புருஷன் இல்லை என்று அவளே எழுந்து நின்று சொன்னாள். கேள்விப்பட்டவள் பேசுகிற முடிவில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவள்போலச் சொன்னாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. சங்கம் குபாத்தின் சான்றிதழை ரத்து செய்தது. நிறுவனமும் அவனை அனுப்பிவிட்டது. வசந்தம் முழுக்க அவன் கரிக்கிடங்கில் கரி இறக்கினான்.

ஜூலையில் எசென் வேனை எடுத்தான். பாதை முடிகிற ஆற்றோரம் வரைக்கும் நான்கு பேரும் போனார்கள். அங்கிருந்து குபாத்தும் புருலும் மட்டும் மேலே ஏறினார்கள். மீரிமும் எசெனும் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். எசென் மீன் பிடிக்கிறேன் என்று தூண்டிலைப் போட்டுவிட்டு, தூண்டிலைப் பார்க்காமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பையன் கையில அவளை விட்டது சரியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"விட்டது நாமளா? அவதான் கூட்டிக்கிட்டுப் போறா."

மறுநாள் பிற்பகலில் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். வெயிலில் முகம் கருகியிருந்தது. புருலுக்குக் கொலைப்பசி. குளிர்ந்த ஆட்டுக்கறியும் ரொட்டியும் வெங்காயமுமாக, பேசாமல், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். குபாத் ஆற்றில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா?" என்று மீரிம் மெல்லக் கேட்டாள்.

"பாத்தேன். நீலமா இருக்கு, எஜே. உள்ளே போகப் போக நீலம். ஓரத்துல படுத்துக்கிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டேன். குபாத் என் காலைப் புடிச்சுக்கிட்டிருந்தான்."

"ம்."

"அவன் பதில் வந்துச்சுங்கறான். எனக்குக் கேக்கலை." வெங்காயத்தைக் கடித்தாள். "எனக்குக் கோவமா வந்துச்சு. பெண்டாட்டி கூப்பிடறேன், அவனுக்குப் பதில் சொல்றார். அப்புறம் யோசிச்சேன். அவங்க ரெண்டு பேர் தொழில் அது. சொல்லட்டும்."

கூடாரத்தைச் சுருட்டி ஏற்றினார்கள். மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. மழைக்கு முன்னால் சேற்றுப்பாதையைத் தாண்டிவிட வேண்டும் என்று எசென் அவசரப்படுத்தினான். மீரிம் முன்சீட்டில் ஏறினாள். புருல் பின்னால் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். கடைசியாகக் குபாத் ஏறினான். ஏறியவன் கதவைச் சாத்தவில்லை. கைப்பிடியில் கையை வைத்தபடி, வெளியே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"ஏறியாச்சா? கதவைச் சாத்துப்பா, குளிருது" என்றான் எசென்.

"ஒரு நிமிஷம், அண்ணே."

மீரிம் கண்ணாடியில் பார்த்தாள். வெளியே புல்லும் ஆறும் ஈரக் கற்களும்தான். குபாத் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டான். பிறகு கதவை இழுத்துச் சாத்தினான்.

புருல் அவனைப் பார்த்தாள். பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

எசென் வண்டியைக் கிளப்பினான்.